“டிகிரி முடிச்சிட்டேன் டீச்சர், அடுத்து என்ன?”

2024 ஜூன் மாதம். பள்ளி திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த பெற்றோர்களால் தலைமையாசிரியர் அறை நிரம்பியிருந்தது. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் பச்சை நிறக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி ஓர் இளைஞன் நின்றிருந்தான். முகம் தெரிந்த முகம்தான். பெயர் நினைவுக்கு வரச் சற்று நேரமானது. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 96 மதிப்பெண் எடுத்தவன்.

“என்னப்பா, எப்படி இருக்க? என்ன விஷயமா வந்த?”

“தமிழ்வழிச் சான்று வாங்க வந்தேன் டீச்சர். போன தடவை வாங்கினது எங்கயோ போச்சு.”

தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பை மட்டுமின்றி, பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. அதனால் கல்லூரி முடித்தவர்களும் சான்றுக்காக மீண்டும் நம் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். நாம் அதை அலுவலக வேலை என்று நினைத்துப் பதிவேட்டைப் பார்த்து, கையொப்பம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அன்றும் அப்படித்தான் முடிந்திருக்கும். கிளம்பும் நேரத்தில் அவன் கேட்டான்.

“டிகிரி முடிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர். இன்னும் எழுதலாமா, இல்ல விட்டுடலாமா?”

பளிச்சென்று நினைவு வந்தது. 2019 மே மாதம் இதே வராந்தாவில் இவன் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தான். இயற்பியல் பட்டம் முடித்த கையோடு ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டான். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “உனக்கிருக்கிற கணக்கு அறிவுக்கு அங்க போய் ஏன் நிக்கணும்? விடாம டி.என்.பி.எஸ்.சி. எழுது. ஒரு வருஷத்துல கிடைச்சிடும்” என்றேன். அவன் போகவில்லை.

ஆசிரியராக நான் சொன்ன எத்தனையோ சொற்களை மாணவர்கள் காற்றில் விட்டிருக்கிறார்கள். இதை மட்டும் ஒருவன் ஐந்து ஆண்டுகள் கடைப்பிடித்திருக்கிறான்.

நம்மிடம் ஏன் வருகிறார்கள்?

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. நம் பள்ளிகளில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் இந்த எண்ணில் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். கல்லூரியில் சேர்வது வரை வழிகாட்ட ஆள் இருக்கிறது. பட்டம் கைக்கு வந்தபின் “இப்போது என்ன?” என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றுக்கு அருகில் உள்ளது. பெற்றோரில் பெரும்பாலோர் நெல் விவசாயம், நெசவு, கட்டட வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குபவர் என்று அந்தப் பிள்ளைக்கு நெருக்கமாகத் தெரிந்த முதல் ஆள் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஆகவே நம் சொல்லுக்கு, நாம் நினைப்பதைவிடக் கனம் அதிகம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று: தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்த பாதை. தெரிந்த பாதையைக் காட்டுவது இயல்பு. நானும் அதைத்தான் காட்டினேன். அவனுக்கு நான் சொன்ன “ஒரு வருஷம்” எப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பரில் நடந்தது. இடையில் கொரோனா. அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. அதற்கடுத்தது 2024 ஜூனில். ஆக, ஐந்து ஆண்டுகளில் அவனுக்குக் கிடைத்தவை மூன்று வாய்ப்புகள். அவன் சோம்பேறியாக இருக்கவில்லை. இருந்த வாய்ப்பே அவ்வளவுதான்.

என் கதையில் நான் விட்டுவிட்ட பகுதி

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. “நான் மட்டும் எப்படி வந்தேன்?” என்று யோசித்தேன்.

வகுப்பில் என் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். “உங்களை மாதிரி தமிழ்வழியில படிச்சு, தேர்வு எழுதி, வேலைக்கு வந்தவதான் நானும்” என்பேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. 2001இல் கணிதப் பட்டம் முடித்ததும் நான் சேர்ந்தது ஆரணியில் ஒரு நிதி நிறுவனத்தில், கணக்கெழுதும் வேலையில். சம்பளம் 1,200 ரூபாய். “படிச்ச பொண்ணு பேரேடு எழுதவா போகணும்?” என்று உறவினர்கள் கேட்டார்கள். அப்பா பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். அந்தச் சேமிப்பில்தான் பி.எட். படித்தேன். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. பிறகு ஏழு ஆண்டுகள் தனியார் பள்ளியில் பாடம் நடத்தினேன். 2012 ஜூலையில் நம் மாநிலத்தில் முதன்முதலாக நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்களை முடிக்க முடியாமல் தவறினேன். அக்டோபரில் நடந்த துணைத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன்.

பட்டம் வாங்கியதற்கும் பணி ஆணை வாங்கியதற்கும் இடையில் பதினோரு ஆண்டுகள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் பி.எட். படித்த ஓராண்டு தவிர, மற்ற எல்லா ஆண்டும் நான் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தேன். கடன்காரர்களிடம் பொறுமையாகப் பேசக் கற்றது நிதி நிறுவனத்தில். வகுப்பறையைக் கையாளக் கற்றது தனியார் பள்ளியில். தேர்வில் தவறிய ஜூலை மாதத்திலும் என்னைத் தாங்கியது, மறுநாள் காலை போக ஒரு வேலை இருந்தது என்பதுதான்.

நான் கடந்து வந்த பாதை “வேலை பார்த்துக்கொண்டே எழுதியது”. நான் அவனுக்குச் சொன்ன பாதை “வேலையை விட்டுவிட்டு எழுது”. என் வாழ்க்கையிலிருந்து சுருக்கிச் சொன்ன அறிவுரையில், அதைச் சாத்தியமாக்கிய பகுதியையே விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பாடம் தயாரிப்பதுபோல் தயாரிக்க ஆரம்பித்தேன். பட்டம் முடித்த ஒருவருக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

1. போட்டித் தேர்வு

முதலில் தேர்வின் அமைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே பொதுவான தகுதி. பட்டதாரியும் முனைவரும் அதே அறையில்தான் எழுதுகிறார்கள். 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் 100 வினாக்கள், 150 மதிப்பெண் தமிழுக்கு. தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபகுதி மதிப்பிடப்படாது. பட்டதாரிகளுக்கான குரூப் 2 தேர்வில் முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட குரூப் 2 தேர்வின் முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரியில் நடந்து, முடிவு 2024 ஜனவரியில் வந்தது. ஒரு தேர்வு என்றால் ஒரு நாள் இல்லை. சில சமயம் இரண்டு ஆண்டு.

ஆகவே “எழுது” என்று சொல்லும்போது “எதுவரை” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையை எடுத்து, எந்தத் தேர்வு எப்போது என்று அவர்கள் முன்னாலேயே குறித்துக் கொடுக்கலாம். வங்கித் தேர்வுகள், மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். கணிதமும் திறனறிவும் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் வயது வரம்பு வேறு வேறு. வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது, அதிகாரி தேர்வுக்கு 30. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஒரே தேர்வுக்காகக் காத்திருக்கும்போது மற்ற கதவுகள் மூடிவிடக் கூடாது.

பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு, ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடக்கிறது. பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகும் இடமாகவே நம் பிள்ளைகள் அந்த அலுவலகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்திலும் போட்டித் தேர்வுகளுக்கென்று தனிப் பிரிவு உள்ளது.

2. தொழில் பழகுநர் பயிற்சி

“அப்ரண்டிஸ்” என்றால் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. பொறியியல் மட்டுமின்றிக் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளையும் இப்போது எடுக்கிறார்கள். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இத்தகைய அறிவிப்புகளை வெளியிட்டுள்ளன. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று நிர்ணயித்தன. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல வாரியம் இதைக் கவனிக்கிறது. விண்ணப்பம் இணையதளம் வழியாக.

இது நிரந்தர வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓராண்டு முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் “அனுபவம் உண்டா?” என்ற கேள்விக்குக் காட்ட ஒரு சான்றிதழ் கையில் இருக்கும். ஓர் அலுவலகம் எப்படி நடக்கிறது என்றும் தெரிந்திருக்கும்.

3. தனியார் வேலை

நாம் அதிகம் தயங்குவதும், அதிகம் தெரியாமல் இருப்பதும் இங்கேதான். மூன்று விஷயங்களை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

முதலாவது, சம்பளக் கணக்கு. பணி வாய்ப்புக் கடிதத்தில் “ஆண்டுக்கு 2,40,300 ரூபாய்” என்று இருந்தால், பிள்ளைகள் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 20,000 கைக்கு வரும் என்று நினைக்கிறார்கள். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. மாதச் சம்பளம் 18,000 என்றும் அதில் அடிப்படை ஊதியம் 12,000 என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, 585 ரூபாய். இவற்றைக் கூட்டித்தான் 20,025 என்று காட்டுகிறார்கள். பிறகு ஊழியரின் பங்கு 1,440 ரூபாயும், ஈ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடாக 135 ரூபாயும் பிடிக்கப்படும். கைக்கு வருவது 16,425. இது ஏமாற்று இல்லை. வைப்பு நிதி அவர்களுடைய பணம்தான். ஆனால் தெரியாமல் போனால் முதல் மாதமே மனம் உடைந்துவிடும்.

இரண்டாவது, பாதுகாப்பு. வேலைக்கு முன்பணம் கேட்பவர்களிடமும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வேன் என்பவர்களிடமும் போகக் கூடாது. சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுப்பதே முறை. வெளிநாட்டு வேலை என்றால், அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள் தங்குமிடம். “வெளியூர்ல எப்படி விடறது?” என்ற ஒரு கேள்வியிலேயே பல பெண்களின் முதல் வேலை முடிந்துவிடுகிறது. பணிபுரியும் மகளிருக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் சென்னையைச் சுற்றியும் பிற நகரங்களிலும் உள்ளன. அந்தத் தகவலைப் பெண்ணிடம் சொல்வதைவிட அவள் அம்மாவிடம் சொல்வது அதிகப் பயன் தருகிறது என்பது என் அனுபவம்.

4. மேற்படிப்பு

“வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா ஒரு எம்.எஸ்சி. சேர்ந்துக்கறேன் டீச்சர்.” இதைக் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். ஆர்வம் இருந்து படித்தால் மேற்படிப்பு நல்ல வழி. காத்திருக்கும் அறையாக நினைத்துச் சேர்ந்தால், இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்வியோடு வெளியே வருவார்கள்.

பி.எட். பற்றி நாம் இன்னும் பொறுப்போடு பேச வேண்டும். நாம் படித்த காலத்து பி.எட். வேறு. 2015 முதல் அது இரண்டாண்டுப் படிப்பு. அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேர்ச்சி பெற்றாலும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாக நியமனப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018 முதல் முறை மாறிவிட்டது. “டீச்சர் வேலைதான் பொண்ணுக்கு நல்லது” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினால், நாம் வந்த சாலை இன்றும் அப்படியே இருக்கிறது என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஒரு வெள்ளைத்தாள், ஐந்து கேள்விகள்

இவ்வளவையும் சொல்லிவிட்டால் பிள்ளை குழம்பித்தான் போவாள். அதனால் இப்போது யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ஐந்து கேள்விகளுக்கு எழுதச் சொல்கிறேன்.

ஒன்று, வீட்டுக்கு நீ மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த மாதத்திலிருந்து?

இரண்டு, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் உன்னால் படிக்க முடியும்? கடைசித் தேதியை எழுது.

மூன்று, இந்த வேலையில் இரண்டு ஆண்டு இருந்தால் என்ன கற்றுக்கொண்டிருப்பாய்?

நான்கு, இது சரிவரவில்லை என்றால் அடுத்து எங்கே போக முடியும்?

ஐந்து, இந்த வேலையைச் செய்யும் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசினாயா?

போன ஆண்டு ஒரு மாணவி வந்தாள். பி.காம். முடித்தவள். அப்பா பட்டு நெசவாளி. சென்னையில் ஒரு நிறுவனத்தில் மாதம் 18,000 சம்பளம். ஆரணியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 9,000. அவளுடைய ஆசை குரூப் 2. வீட்டில் எல்லோரும் சென்னைக்குப் போ என்றார்கள். பாதிச் சம்பளத்துக்கு யார் போவார்கள்?

தாளில் எழுதினோம். சென்னையில் கைக்கு வருவது 16,425. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 7,000. போக்குவரத்து, கைப்பேசி, ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் 7,425. ஆரணியில் 9,000. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. மற்ற செலவு 500. மிச்சம் 8,500. வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை சிறிய சம்பளத்தில்தான் அதிகமாக இருந்தது. மூன்றாவது கேள்விக்கு அவளே எழுதினாள்: டேலி, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல். மாலை ஆறரைக்கு வீடு, இரவு இரண்டு மணி நேரம் படிப்பு. இரண்டு ஆண்டு கழித்துத் தேர்வு சரிவராவிட்டால், அனுபவத்தோடு சென்னைக்குப் போகலாம்.

இதே கணக்கில் இன்னொரு பெண்ணுக்குச் சென்னைதான் சரியாக இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லாத பெண்ணுக்கு, விடுதியும் வார விடுமுறையும் பெரிய வரம். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றல்ல. கணக்குப் போடும் முறையைத்தான் நாம் சொல்லிக் கொடுக்க முடியும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

இதற்குத் தனி நிதியோ பாடவேளையோ தேவையில்லை. நான் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

விழுக்காடு பாடம் நடத்தும்போது, தள்ளுபடி விலைக் கணக்கோடு ஒரு சம்பளச் சீட்டுக் கணக்கையும் சேர்த்துப் போடுகிறேன். “டீச்சர், எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் பிடிக்கிறாங்களா?” என்று பின் வரிசையிலிருந்து கேள்வி வருகிறது. பெருக்கலே வராத பையன் அன்றைக்கு மூன்று முறை சரிபார்க்கிறான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சான்றுக்காகவோ திருவிழாவுக்காகவோ யார் வந்தாலும், என்ன வேலை, எந்த ஊர் என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதிக்கொள்கிறேன். செவிலியர், வங்கி எழுத்தர், லாரி நிறுவனத்தில் கணக்காளர், செய்யாறு சிப்காட்டில் மேற்பார்வையாளர் என்று இப்போது அதில் 63 பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது கேள்விக்கு ஆள் தேட இந்த நோட்டுதான் உதவுகிறது.

மூன்றாவது, எளிதாகத் தோன்றினாலும் எனக்குக் கடினமாக இருந்தது: “எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று சொல்வது. வகுப்பில் தெரியாத கேள்விக்கு மறுநாள் பதில் சொல்கிறோம் இல்லையா? வராந்தாவில் கேட்கப்படும் கேள்விக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

அந்த இளைஞன்

மறுநாளே அவனைத் தொலைபேசியில் அழைத்து வரச்சொன்னேன். “அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா. உன் வீட்டு நிலைமையக் கேட்காமலே சொல்லிட்டேன்” என்றேன். அவன் பதறிப்போய், “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். எழுதணும்னு எனக்கும்தான் ஆசை” என்றான். அவன் அப்படிச் சொன்னதால் என் பொறுப்பு குறைந்துவிடாது.

இருவரும் உட்கார்ந்து தாளை நிரப்பினோம். முதல் கேள்விக்கு அவன் எழுதிய விடை: “5,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேருந்து.” அதன் பிறகு மற்ற கேள்விகளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஐந்தாண்டு இடைவெளியை நேர்காணலில் என்ன சொல்வது என்பதுதான் அவன் பயம். மூன்று போட்டித் தேர்வுகள் எழுதியதையும், அந்த ஆண்டுகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்ததையும் மறைக்காமல் சொல் என்றேன். மாவட்ட வேலைவாய்ப்பு முகாம் வழியாகச் சிப்காட்டில் ஒரு நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தான். 2019இல் கிடைத்த அதே வேலைதான். அன்று அவனோடு தேர்வானவர்கள் இப்போது அவனுக்கு ஐந்து ஆண்டு மூத்தவர்கள்.

தேர்வை அவன் விடவில்லை. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வையும் எழுதினான். இரவுப் பணி முடித்து, காலையில் கம்பெனி பேருந்திலேயே பாடம் படித்ததாகச் சொன்னான். வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை தேர்வு முடிந்த மறுநாள் அவன் போக ஓர் இடம் இருந்தது.

இந்த ஆண்டு விழுக்காடு பாடத்தின்போது அவனை வகுப்புக்கு அழைத்திருந்தேன். தன் சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினான். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “அண்ணா, டிகிரி முடிச்சதும் நேரா இந்த வேலைக்கு வந்துட்டீங்களா?” என்று கேட்டாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: “நடந்ததை நடந்தபடியே சொல்லுப்பா. நான் என்ன சொன்னேன்னும் சேர்த்துச் சொல்லு.”